அமெரிக்க ‘ஏ’ உரிமத்தோடு தென்னாப்பிரிக்காவில் குதிக்க விடுவார்களா?

மேகப்பாதை | சாட்ஸ்வொர்த், இப்போது கலிபோர்னியா | நவம்பர் 9

அனைவருக்கும் வணக்கம். நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். வேலை நிமித்தமாக இரண்டு ஆண்டுகளாகக் கலிபோர்னியாவில் இருக்கிறேன். அங்கே பெரிஸ் என்ற ஊரில் ஸ்கைடைவிங் பயின்று, யு.எஸ்.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க பாராசூட் சங்கத்தின் ‘ஏ’ உரிமத்தைப் பெற்றேன். இதுவரை 31 முறை குதித்திருக்கிறேன். டிசம்பர் நடுவில் மூன்று வார விடுமுறையில் ஊருக்கு வருகிறேன். அதில் ஒரு வாரம் ஜோகன்னஸ்பர்க்கில், லெனேசியாவில் இருக்கும் பெரியம்மா வீட்டில் தங்குவதால், கார்ல்டன்வில் பக்கத்துக் குதிதளத்துக்குச் சென்று நான்கைந்து முறையாவது குதித்துவிட வேண்டும் என்பது ஆசை.

என் கடவுச்சீட்டு தென்னாப்பிரிக்காவுடையது, உரிமமோ அமெரிக்காவுடையது. இந்த நிலையில் என்னை உள்ளூர்க்காரி என்று கணக்கில் வைப்பார்களா, வெளிநாட்டுக்காரி என்றா? உரிமத்தை இங்கே மாற்றி எழுதி வாங்க வேண்டுமா, அல்லது அட்டையைக் காட்டினால் போதுமா? என்னிடம் சொந்தமாக ரிக், அதாவது பாராசூட் குடைகளை மடித்து வைத்து முதுகில் கட்டிக்கொள்ளும் பை, கிடையாது. வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ரிக்கர்மாமா | பீட்டர்மாரிட்ஸ்பர்க் | நவம்பர் 9

வணக்கம் மகளே. விமானத்தில் ஏற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவர்கள் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. உன் உரிமத்தை எந்தச் சங்கம் கொடுத்தது என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. ஆகவே நீ சாட்ஸ்வொர்த்துப் பெண்ணாக இருந்தாலும் குதிதளத்தைப் பொறுத்தவரை வெளிநாட்டு விருந்தாளிதான்.

உலகம் முழுவதற்கும் செல்லுபடியாகும் ஒரே ஸ்கைடைவிங் உரிமம் என்று ஒன்று இல்லை. 1905-இல் தொடங்கப்பட்ட எஃப்.ஏ.ஐ. என்னும் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு, திறமைச் சான்றுகளுக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு படிகளை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் தன் உரிமத்தை அந்தப் படிகளோடு பொருத்திக் கொள்கிறது. அதனால் உன் ‘ஏ’ என்ன என்பதை இங்கே உள்ளவர்கள் புரிந்துகொள்வார்கள். புரிந்துகொண்டார்கள் என்பதற்காக அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருளாகாது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் குதிப்பு எண்ணிக்கை நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் ‘ஏ’ வாங்கக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். பிரிட்டனில் அது 18.

இங்கே விளையாட்டை நடத்துவது பாசா, அதாவது தென்னாப்பிரிக்க பாராசூட் சங்கம். விருந்தாளியாக வருகிறவர்கள் அதில் தற்காலிக உறுப்பினராகச் சேர வேண்டும். படிவத்தை நிரப்பிக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் அது முடிந்துவிடும். மூன்று வாரத்துக்காக உரிமத்தை மாற்றி எழுதி வாங்கத் தேவையில்லை. நிரந்தரமாக ஊர் திரும்பும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் மேலே, அந்தக் குதிதளத்தின் தலைமைப் பயிற்றுநர் சரி என்று சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் எந்த அட்டையும் உதவாது. ஆகவே இப்போதே அவருக்கு எழுதிவிடு.

எழுதுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடி வைத்துக்கொள். அவர் கட்டாயம் கேட்பார். கடைசியாக எந்தத் தேதியில் குதித்தாய்? உன் யு.எஸ்.பி.ஏ. உறுப்பினர் காலம் எப்போது முடிகிறது?

மேகப்பாதை | நவம்பர் 10

மாமா, மிக்க நன்றி. இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதவே சங்கடமாக இருக்கிறது. கடைசிக் குதிப்பு மே மாதம் 3-ஆம் தேதி. அதன் பிறகு வேலை மாறியதால் போக முடியவில்லை. உறுப்பினர் காலம் இந்த நவம்பர் 30-இல் முடிகிறது. உரிமம் வாழ்நாள் முழுவதும் இருக்கும் என்றுதானே சொன்னார்கள், அப்படியானால் இது ஏன் முக்கியம்?

ரிக்கர்மாமா | நவம்பர் 10

உரிமத்தைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டியதில்லை என்பது சரிதான். ஆனால் நீ நடப்பு உறுப்பினராக இருக்கும் வரைக்கும்தான் அது செல்லும் என்பது யு.எஸ்.பி.ஏ.வின் விதி. டிசம்பர் 1-ஆம் தேதி காலையில் உன் கையில் இருப்பது செல்லாத அட்டை. புறப்படுவதற்கு முன்பே புதுப்பித்து, புதிய தேதியுள்ள அட்டையைக் கைப்பேசியிலும் தாளிலும் வைத்துக்கொள். குதிதளங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கைப்பேசிச் சமிக்ஞை விட்டுவிட்டுக் கிடைக்கும் இடங்களில்தான் இருக்கின்றன.

முதல் விடையைப் பற்றி அக்காமார் யாராவது சொல்லட்டும். நான் சொன்னால் கடுமையாக ஒலிக்கும்.

ஹைவெல்ட்_தேவி | ஜோகன்னஸ்பர்க் | நவம்பர் 10

மாமா தப்பித்துக்கொண்டார், ஆகவே நான் சொல்கிறேன். மே மாதத்திலிருந்து டிசம்பர் நடு வரை என்றால் ஏழு மாதத்துக்கும் மேல். உன் சொந்தச் சங்கத்தின் வழிகாட்டியே, ‘ஏ’ உரிமக்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்துவிட்டால் பயிற்றுநரின் மேற்பார்வையில் ஒரு குதிப்பாவது செய்துவிட்டுத்தான் தொடர வேண்டும் என்கிறது. ‘பி’க்கு அது 90 நாள், ‘சி’க்கும் ‘டி’க்கும் ஆறு மாதம். படி உயர உயர இடைவெளிக்கு இடம் கூடுகிறது, ஏனென்றால் நூற்றுக்கணக்கான முறை செய்தது உடம்பில் ஊறியிருக்கும். 31 முறை செய்தது அப்படி ஊறியிருக்காது. உன்னைக் குறைத்துச் சொல்வதாக எண்ணாதே. நானும் அந்த எண்ணிக்கையைக் கடந்து வந்தவள்தான்.

முடியுமானால் புறப்படுவதற்கு முன் பெரிஸிலேயே, உன்னை அறிந்த பயிற்றுநரிடம், பழகிய தரையில் அந்தக் குதிப்பைச் செய்துவிட்டு வா. முடியாவிட்டால் இங்கே செய்துகொள்ளலாம், ஆனால் முதல் மடலிலேயே அதைச் சொல்லிவிடு. தரையில் தொங்கு சேணத்தில் கட்டி அவசர நடவடிக்கைகளைத் திரும்பச் செய்யச் சொல்வார்கள்; அதன்பின் ஒருவர் கூடவே குதிப்பார். அந்த நாளுக்கும் கட்டணம் உண்டு.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பாசா உரிமத்தோடு வெளிநாட்டுக் குதிதளம் ஒன்றுக்குப் போனேன். இருநூறுக்கு மேல் குதிப்பு உண்டு என்று மிதப்பாகக் குதிப்பேட்டை நீட்டினேன். முகப்பு மேசையில் இருந்த பெண் கடைசிப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, பன்னிரண்டு வரிகளில் சாட்சிக் கையெழுத்து இல்லை என்றாள். சோம்பலால் விட்டவை. என் நாட்பட்டியலின்படி நான் மூன்று வாரத்துக்கு முன் குதித்தவள். அவளுடைய கணக்கின்படி நான் ஐந்து மாதமாகத் தரையில் இருந்தவள். அன்று பகல் முழுவதும் மேற்பார்வைக் குதிப்புக்காகக் காத்திருந்தேன். கோபம் வந்தது; ஆனால் அந்தப் பெண்ணிடம் தவறு எதுவும் இல்லை.

தரை_வேண்டாம் | சென்சூரியன் | நவம்பர் 11

மன்னிக்க வேண்டும், எல்லோரும் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. உரிமம் என்பது இவருக்கு இது தெரியும் என்று ஒரு சங்கம் கொடுத்த வாக்கு. அதன் பிறகும் ஒவ்வொரு ஊரிலும் சோதனைக் குதிப்பு, தற்காலிக உறுப்பினர் கட்டணம், பயிற்றுநர் கட்டணம் என்று வாங்கினால் அந்த வாக்குக்கு என்ன மதிப்பு? நான் மூன்று நாடுகளில் குதித்திருக்கிறேன். ஓரிடத்தில் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னோரிடத்தில் 600 குதிப்பு உள்ள என்னை இரண்டு மணி நேரம் வகுப்பில் உட்கார வைத்துப் பணம் வாங்கினார்கள். இதைப் பாதுகாப்பு என்று சொல்வதைவிட வருமானம் என்று சொல்வதே பொருந்தும். தங்கை ஏழு மாத இடைவெளியைத் தானாக முன்வந்து சொல்ல வேண்டிய அவசியம் என்ன? கேட்டால் சொல்லட்டும்.

ரிக்கர்மாமா | நவம்பர் 11

தம்பி, கட்டணத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சில இடங்களில் விருந்தாளி என்றால் கறவை மாடு என்ற எண்ணம் உண்டு. கடைசி வரியை மட்டும் ஏற்க முடியாது. அட்டையைத் திருப்பிப் பார்க்காத அந்த இடத்தில் உங்களோடு அதே விமானத்தில் ஏறிய மற்றவர்களின் அட்டையையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், இல்லையா?

பயிற்றுநர் அவளை எந்தக் குழுவில், எந்த வரிசையில் வெளியேற்றுவது, எவ்வளவு பெரிய குடையைக் கொடுப்பது, எந்தக் காற்றில் தரையில் நிறுத்துவது என்பதை எல்லாம் அவள் சொல்லும் இரண்டு எண்களை வைத்துத்தான் முடிவு செய்கிறார். மொத்தம் எத்தனை, கடைசி எப்போது என்பவையே அவை. இரண்டில் ஒன்றை மறைத்தால் அவர் வேறு யாருக்கோ தகுந்த குடையை அவளுக்குக் கொடுத்துவிடுவார். கார்ல்டன்வில்லில் அது விளையாட்டல்ல.

மேகப்பாதை | நவம்பர் 11

கார்ல்டன்வில்லில் மட்டும் அப்படி என்ன தனித்தன்மை, மாமா? தரை தட்டையாகத்தானே இருக்கும்?

ரிக்கர்மாமா | நவம்பர் 12

தட்டைதான், மகளே, ஆனால் உயரம். நீ கற்ற பெரிஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 அடி. கார்ல்டன்வில் 5,000 அடியை ஒட்டிய மேட்டுநிலம். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. வெயில் ஏறினால் இன்னும் மெலிகிறது. டிசம்பரில் 30 பாகை வெப்பம் இருக்கும் ஒரு நண்பகலில் அங்கே தரையில் நிற்கும் காற்றின் அடர்த்தி, இயல்பான நாளில் 8,000 அடி உயரத்தில் இருக்கும் காற்றின் அடர்த்திக்குச் சமம். அதே வெப்பத்தில் பெரிஸில் அது ஏறத்தாழ 3,500 அடிக்குச் சமம். கணக்குப் போட்டால், அதே குடை, அதே எடை, அதே கைப்பிடிப்பு எல்லாம் இருந்தும் நீ பெரிஸைவிட ஏறக்குறைய 7 விழுக்காடு வேகமாகத் தரைக்கு வருவாய். கடலோர டர்பனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் கூடும்.

ஏழு விழுக்காடு என்பது காகிதத்தில் சிறிது. ஆனால் உன் கண்கள் பழகியிருப்பது பழைய வேகத்துக்கு. தரை விரைந்து வருவதாகத் தோன்றும். பதறி, குடையின் வேகத்தைக் குறைக்கும் இரண்டு கைப்பிடிகளையும் உயரத்திலேயே இழுத்துவிடத் தோன்றும். அப்படி இழுத்தவர்களில் பலர் கணுக்காலில் கட்டோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். இன்னொன்று, இறங்குமுன் எடுக்கும் கடைசித் திருப்பத்திலிருந்து நீ கடக்கும் தூரமும் நீளும். பெரிஸில் எந்த இடத்தில் திரும்பினாயோ அதே கணக்கில் இங்கே திரும்பினால் களத்தைத் தாண்டிப் போவாய்.

ஆகவே அங்கே 190 சதுர அடிக் குடையில் குதித்திருந்தால் இங்கே 210 அல்லது 230 கேள். ‘ஏ’ உரிமக்காரருக்கு, உடை கருவி எல்லாம் சேர்ந்த எடையைப் பவுண்டில் எடுத்துக் குடையின் சதுர அடியால் வகுத்தால் 1-ஐத் தாண்டக் கூடாது என்று உன் சங்கமே பரிந்துரைக்கிறது. மேட்டுநிலத்தில் அந்த ஒன்றுக்கும் கீழே நிற்பதுதான் நல்லது.

உயரமானியைக் களத்தில் சுழியத்தில் வைத்துக்கொள். விமானிகள் கடல்மட்டக் கணக்கில் பேசுவார்கள், குதிப்பவர்கள் தரைமட்டக் கணக்கில் பேசுவார்கள்; 16,000 என்று காதில் விழுந்தால் உன் மணிக்கட்டில் 11,000 காட்டும். குழம்ப வேண்டாம். உனக்கு 3,000 அடிக்குக் கீழே குடை திறக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே என்ன உயரம் என்று கேட்டுத் தெரிந்துகொள், இரண்டில் எது உயர்வோ அதைப் பின்பற்று. காற்றின் வேகத்தை அங்கே மணிக்கு இத்தனை மைல் என்று சொல்லுவார்கள், இங்கே ‘நாட்’ என்னும் கடல்மைல் கணக்கில் சொல்லக் கேட்பாய். 14 மைல் என்பது 12 நாட்.

தூகேலா_நதி | நியூகாசில் | நவம்பர் 13

இதே இழையில் எதிர்த்திசைக் கேள்வி ஒன்று கேட்கலாமா? நான் பாசா ‘பி’ உரிமத்தோடு, சொந்த ரிக்கை எடுத்துக்கொண்டு, ஏப்ரலில் ஸ்பெயினின் எம்பூரியாபிராவாவுக்குப் போகிறேன். ரிக்கில் சைப்ரஸ் என்னும் தானியங்கித் திறப்பான் இருக்கிறது. விமான நிலையத்தில் சிக்கல் வருமா?

ரிக்கர்மாமா | நவம்பர் 13

தாராளமாகக் கேளுங்கள். ரிக்கைக் கைப்பையாகவே எடுத்துச் செல்லுங்கள். தொலைந்துபோன பெட்டியைத் தேடுவதைவிட மேல்தட்டில் இடம் தேடுவது எளிது. ஊடுகதிர் துணியையோ தானியங்கித் திறப்பானையோ கெடுக்காது. திரையில் கம்பிகளும் சிறு உருளையும் தெரியும்போது காவலர் நிமிர்ந்து பார்ப்பார். அதற்காகத்தான் சைப்ரஸ் தயாரிப்பாளர் உட்புறம் எப்படித் தெரியும் என்று காட்டும் அட்டை ஒன்றைக் கொடுக்கிறார். அதை ரிக்கின் பையிலேயே வையுங்கள், அரை மணி நேரம் முன்னதாகவே போங்கள். யாராவது திறந்து பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் பக்கத்தில் நின்று பேசுங்கள். ரிசர்வ் என்னும் அவசரக் குடையைப் பூட்டி வைக்கும் முள்ளை ஒருவர் ஆர்வத்தில் இழுத்துவிட்டால் அங்கேயே அதை மடிக்கத் தகுதி பெற்ற ரிக்கர் ஒருவரைப் பிடித்து மறுபடி மடிக்கச் செய்யாமல் குதிக்க முடியாது.

ரிசர்வ் எப்போது மடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் அட்டை காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மடிப்புக் கால அளவு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் அது 180 நாள். போகிற இடத்தின் அளவைக் கேட்டு, இரண்டில் குறுகியதற்குள் வரும்படி மடித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது, புதிதாக வாங்கியது என்று வரி கேட்காமல் இருக்க, போகும்போதே நம் சுங்கத்தில் தொடர் எண்ணோடு பதிவு செய்துவிடுங்கள்.

சைப்ரஸைக் குதிதளத்தின் தரையில் நின்றுதான் இயக்க வேண்டும். நியூகாசிலில் இயக்கிவிட்டுக் கடலோரத்தில் போய் இறங்கினால் அது தவறான தரையைத் தரை என்று நினைத்திருக்கும். சாதாரண வகை சுமார் 750 அடியில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் திறக்கும்; அந்த 750 எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதுதான் உயிர்நாடி.

தீவுக்காரன் | செயின்ட்-டெனி, ரியூனியன் | நவம்பர் 14

இங்கிருந்து ஒரு சிறு குறிப்பு, ஏனென்றால் டர்பனிலிருந்து வரும் நண்பர்கள் இதில் தடுமாறுகிறார்கள். ரியூனியன் பிரான்சின் ஒரு பகுதி என்பதால் இங்கே பிரெஞ்சுக் கூட்டமைப்பின் விதிகள்தான். பிரெஞ்சில் “லிசான்ஸ்” என்று கேட்டால் நீங்கள் உரிமத்தைக் காட்டுகிறீர்கள். ஆனால் அவர்கள் கேட்பது காப்பீட்டோடு சேர்ந்த ஆண்டு உறுப்பினர் அட்டையை. திறமைச் சான்றுக்கு அவர்களின் சொல் “பிரெவே”. இரண்டும் தனித்தனி. உயரத்தை மீட்டரில் சொல்வார்கள். 4,000 மீட்டர் என்றால் 13,000 அடிக்குச் சற்று மேல்.

ஹைவெல்ட்_தேவி | நவம்பர் 14

காப்பீடு என்றதும் நினைவுக்கு வந்தது. மேகப்பாதை, நீ அமெரிக்க உறுப்பினர் என்பதால் கிடைக்கும் பாதுகாப்பு பிறருக்கு நீ விளைவிக்கும் சேதத்துக்கானது. உன் கால் உடைந்தால் அது வராது. பயணக் காப்பீடுகள் பலவற்றில் பாராசூட் என்ற சொல்லே விலக்குப் பட்டியலில் இருக்கும். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கும் டேண்டமுக்கு மட்டும் அனுமதித்து, தனியாகக் குதிப்பதை விலக்குபவையும் உண்டு. இங்கே தனியார் மருத்துவமனையில் பணத்துக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். பத்திரத்தை வரி வரியாகப் படி, எழுத்தில் பதில் வாங்கு.

மழையையும் கணக்கில் வை. டிசம்பரில் இந்த ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் மதியத்துக்குப் பின் இடி வந்துவிடும். காலை முதல் விமானத்துக்கே பெயர் கொடு. ஒரு வாரத்தில் இரண்டு காலை கிடைத்தாலே நல்லது.

மேகப்பாதை | ஜனவரி 6

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெரிஸில் குதித்துவிட்டு வர நேரம் கிடைக்கவில்லை. உறுப்பினர் காலத்தைப் புதுப்பித்தேன். தலைமைப் பயிற்றுநருக்கு 31 என்றும் மே 3 என்றும் முதல் பத்தியிலேயே எழுதினேன். மறுநாளே பதில் வந்தது, நிபந்தனைகளோடு. தேவி அக்கா சொன்ன அதே நிபந்தனைகள்.

முதல் நாள் பெரியம்மாவும் கூட வந்தார்; புளிச்சோறும் கட்டிக்கொண்டு. எனக்குத் தொங்கு சேணத்தில் ஒன்றரை மணி நேரம் பயிற்சி. வாடகை ரிக்கில், பழுதான குடையைக் கழற்றிவிடும் கைப்பிடி நான் கற்றதைவிடத் தடிமனாக இருந்தது. மூன்று முறை தவறாகப் பிடித்தேன், நான்காவது முறைதான் கை தானாகப் போனது. பதினொரு மணிக்கே மேகம் கட்டிவிட்டது, யாரும் ஏறவில்லை. புளிச்சோற்றைப் பயிற்றுநரும் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை ஏறினோம். 230 கொடுத்தார்கள். வானில் எல்லாம் சரியாகவே போயிற்று. மாமா எவ்வளவு எழுதியும், கடைசித் திருப்பத்தைப் பெரிஸ் கணக்கிலேயே எடுத்துவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, நடந்து திரும்ப ஐந்து நிமிடம் ஆகும் தூரத்தில், காய்ந்த புல்லில் உட்கார்ந்தபடி இறங்கினேன். அடி எதுவும் இல்லை. இரண்டாவது முறை திருப்பத்தைக் களத்திலிருந்து இன்னும் தள்ளி எடுத்ததில் களத்துக்குள்ளேயே நின்றபடி இறங்கினேன். அதோடு இடி வந்துவிட்டது. ஆசைப்பட்டது ஐந்து, கிடைத்தது இரண்டு. என் அட்டையை அவர்கள் பார்த்தது ஐந்து நொடி இருக்கும். குதிப்பேட்டைப் பார்த்தது பத்து நிமிடம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். இந்த 32-உம் 33-உம் அமெரிக்காவில் என் ‘பி’ உரிமத்துக்கான 50-இல் சேருமா?

ரிக்கர்மாமா | ஜனவரி 6

சேரும், மகளே. உன் குதிப்பைக் கண்ட உரிமக்காரர் ஒருவரின் கையெழுத்து இருந்தால் போதும். அந்தப் பயிற்றுநர் கையெழுத்தோடு தன் பாசா எண்ணையும் எழுதியிருக்கிறாரா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடு. எழுதவில்லை என்றால், விமானம் ஏறுவதற்கு முன் பெரியம்மாவை இன்னொரு முறை புளிச்சோறு கட்டச் சொல்.